அடியிலிருந்து

நவமணிக்கு டாக்டர் பட்டம் கிடைத்தபோது, கோலா கெத்திலில் அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் பாதிப்பேர் முட்டிவலிக்கு மருந்து கேட்டு வந்து நின்றார்கள். தோட்டத்து லோரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா ஞாயிறு ஆராதனையில் எழுந்து, மகளை டாக்டராக்கிய கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். எந்த டாக்டர் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே அது சரியாகப் பிடிபடவில்லை என்பதுதான் உண்மை. இரண்டு தலைமுறையாக மண்ணை மிதித்தே கால் தேய்ந்த குடும்பத்தில், படித்துப் பெரிய ஆளானவள் மறுபடியும் மண்ணுக்கே வருவானேன் என்று யாராவது கேட்டால் மனுஷன் என்ன பதில் சொல்லுவார்?

அவளும் மருத்துவத்துக்குத்தான் மனுப் போட்டாள். அந்தக் காலத்தில் கெட்டிக்காரத் தமிழ்ப் பிள்ளைகள் வேறு எதற்கும் போடுவதில்லை. கிடைத்ததோ நிலவியல். அதைக் கேட்ட அத்தை ஒருத்தி, "நெலாவப் பத்தியா படிக்கப் போற?" என்று கேட்டாள். நிலத்தைப் பற்றி என்று சொன்னதும் அத்தையின் முகம் இன்னும் சுருங்கிப் போயிற்று. நிலாவாக இருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

முதல் வருடம் அழுதுகொண்டே படித்தாள். இரண்டாம் வருடம் வண்டல் படுகை என்ற ஒன்றைப் பற்றிப் பாடம் வந்தது. பூமியின் மேல்தோல் ஓரிடத்தில் பெரிய சட்டிபோலக் குழிந்துவிடும். அதில் கடல் புகுந்து நிற்கும். ஆறுகள் கொண்டுவரும் மண்ணும் மணலும் கடலில் செத்து விழும் உயிர்களும் அந்தச் சட்டியில் அடுக்கடுக்காகப் படிந்து, கோடிக்கணக்கான வருடத்தில் கல்லாகிவிடும். தான் ஓடி விளையாடிய ரப்பர் மரங்களுக்குக் கீழே அப்படி ஒரு கடல் இறுகிக் கிடக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு அவள் அழுகை நின்றது. கூடப் படித்தவர்கள் எல்லாம் எண்ணெய்க் கம்பெனிகளுக்குப் போனார்கள். அவள் வெளிநாட்டுக்குப் போய் மேல்படிப்பு முடித்து, கெடாவுக்கே திரும்பி வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டாள் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். முதலில் அது அவளுக்குச் சுட்டது, பிறகு பழகிவிட்டது.

வேலை கிடைத்தது சுங்கைப் பட்டாணிக்கு வெளியே இருந்த ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில். வேறு எங்கும் இடம் கிடைக்காத பிள்ளைகள் வந்து சேரும் இடம் அது. இளநிலை மாணவர்களுக்கு அவள் இருபது வருடத்துக்கு மேல் பூமியைப் பற்றிப் பாடம் எடுத்தாள். கல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால் பிள்ளைகள் செருப்போடு வருவார்கள், குடை பிடித்துக்கொண்டு வருவார்கள், பாறைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு பாறையைப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுவார்கள். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வாயும் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்த வகுப்பு மட்டும் இல்லையென்றால் தன் நாட்களை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களிடம் தனியாகப் பேசும்போது நவமணி தமிழில்தான் பேசுவாள். அது அவள் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட ஒரே செல்லம். கல்லைப் பற்றித் தமிழில் பேசும்போது அவளுக்குத் தன் தோட்டத்து வாசலில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும்.

அவள் பாடத்தின் முதல் விதி எளிமையானது. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. துவைக்கப் போடும் துணிக்கூடையில் திங்கட்கிழமைச் சட்டை அடியில் கிடக்கும், வெள்ளிக்கிழமைச் சட்டை மேலே கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் பூமி சும்மா இருப்பதில்லை. நெருக்கும், மடிக்கும், சில இடங்களில் கூடையையே கவிழ்த்துவிடும். கவிழ்ந்த கூடையில் திங்கட்கிழமைச் சட்டைதான் மேலே வந்து கிடக்கும். கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு குன்று அப்படிக் கவிழ்ந்து கிடந்தது. சாலை வளைவில் தெரிந்த மணற்பாறையை வைத்து அதை அவள் கண்டுபிடித்திருந்தாள். தண்ணீரில் மணல் விழும்போது பருமணல் முதலில் விழும், பொடிமணல் பிறகு படியும். ஆகவே பருமணல் இருக்கும் பக்கம்தான் அடி. அந்தப் பாறையில் பருமணல் மேல்பக்கம் இருந்தது.

வருடந்தோறும் மாணவர்களை அங்கே நிறுத்தி அவள் ஒரே கேள்வி கேட்பாள். அடி எது? வருடந்தோறும் பிள்ளைகள் தங்கள் காலடியைக் காட்டுவார்கள். அந்த வருடம் காட்டியவன் சிவநேசன். மூன்றாம் வருட மாணவன், புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டர் சைக்கிளில் வருபவன். படிப்பில் சுமார், வகுப்புக்கு எப்போதும் தாமதம். ஆனால் மரம் ஏறுகிறவன் மாதிரி பாறை ஏறுவான். அவன் எல்லோருக்கும் முன்னால் கையை நீட்டி, கீழே காட்டி, "இதான் மேடம் அடி" என்றான்.

"அடி எது தலை எதுன்னு தெரியாமலேயே மூணாவது வருஷம் வரைக்கும் வந்துட்டியா?" என்று நவமணி தமிழில் கேட்டாள். "ஆகாயத்தப் பாத்து அடி சொல்லாத. கல்லப் பாத்துச் சொல்லு."

தமிழ்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். சிவநேசனும் காதெல்லாம் சிவந்து சிரித்துவைத்தான். பஸ் ஏறுவதற்குள் நவமணி அதை மறந்துவிட்டாள். வாய் நீளமானவர்களுக்குச் சொன்னது நினைவிருக்காது, கேட்டவர்களுக்குத்தான் இருக்கும்.

அந்தக் குன்றைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. அங்கே கிடந்த கடல் காலம் போகப் போக ஆழமாகிக்கொண்டே போனது என்பது அவள் கருத்து. மற்றவர்கள், இல்லை, அது மெல்ல மெல்லத் தூர்ந்துகொண்டு வந்த கடல் என்றார்கள். யாரிடமும் சான்று இல்லை. குன்றின் மேலெல்லாம் செம்மண்ணும் ரப்பர் மரமும் மூடிக் கிடந்தன. கருத்தரங்குகளில் அவள் இதைப் பேசும்போது வெளியூர்ப் பேராசிரியர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கெடாவில் ஒரு குன்று எப்படிப் போனால் அவர்களுக்கு என்ன? அவளுக்கோ அதுதான் வாழ்நாள் வேலை. வேறு எதையும் அவள் செய்து முடித்திருக்கவில்லை.

பிறகு அங்கே தாமான், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பு, கட்ட வந்தார்கள். மரங்களை வெட்டி, குன்றைச் செங்குத்தாக அரிந்ததும், உள்ளே இருந்த அடுக்குகள் முழுசாக வெளியே தெரிந்தன. அந்த இடத்து மேற்பார்வையாளர் குணாளன் அவள் பிறந்த தோட்டத்துக்காரர். அவர்தான் ஒரு வியாழக்கிழமை போன் செய்து சொன்னார். நவமணி ஓடிப்போய்க் கீழே நின்று பார்த்தாள். அது செர்ட் என்று சொல்லப்படும் கல், கண்ணாடிபோலக் கெட்டியானது. ஆழ்கடலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் கூடுகள் படிந்து உண்டாவது. அடுக்குக்கு ஒரு துண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் சேறு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பரிசோதனைக்கூடத்தில் பார்த்தால் போதும். பழைய அடுக்கிலிருந்து புது அடுக்குக்கு வர வரச் சேறு குறைந்தால் கடல் ஆழமானது, கூடினால் தூர்ந்தது. ஆனால் கண்ணுக்கு எல்லா அடுக்குகளும் ஒன்றுபோலவே இருந்தன. மணற்பாறைபோல இந்தக் கல் தன் அடி எது என்று தானாகச் சொல்லவும் சொல்லாது. எந்த வரிசையில் எடுத்தோம் என்பதுதான் எல்லாமே.

"திங்கக்கெழம மிசின் ஏறிடும்" என்று குணாளன் சொல்லிவிட்டார். "அதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாதுலா."

சனிக்கிழமை அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் தர ஆய்வுக் கூட்டம். நிலவியல் பாடத்தை வைப்பதா எடுப்பதா என்று வெளியிலிருந்து வந்து முடிவு செய்வார்கள், அவள் இல்லாமல் முடியாது என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலை கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு சிவநேசனுக்குப் போன் போட்டாள். பாறை ஏறத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். லைன் விட்டுவிட்டுக் கேட்டது.

"அடியிலேர்ந்து நம்பர் போட்டுக்கிட்டு வா. ஒண்ணாம் நம்பர் அடி. அடுக்குக்கு ஒரு பை. வெளங்குதா?"

"அடியிலேர்ந்து. சரி மேடம்."

ஜாக்கிரதையாகப் போ என்று சொன்னாளா இல்லையா என்பது அவளுக்குப் பிறகு நினைவுக்கு வரவேயில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்தில், மாணவர்கள் பாடத்தின் முடிவில் என்ன திறன் பெறுவார்கள் என்று ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டார்கள். அவளும் நாலு விதமாகச் சொன்னாள். கடைசியில் பாடத்தை எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அது அவர்கள் வருவதற்கு முன்பே முடிவானது என்று தேநீர் நேரத்தில் தெரிந்தது. அவள் வெளியே வந்தபோது ஜெராய் மலை தெரியவில்லை. மதியத்திலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கைப்பேசியைத் திறந்தபோது வகுப்புக் குழுவில் செய்தி கிடந்தது. முந்தின நாள் மாலை இருட்டுகிற நேரத்தில், மண் லோரிகள் சாலையில் சிந்திய செம்மண் மழையில் குழம்பாகிக் கிடந்த இடத்தில், சிவநேசனின் மோட்டர் வழுக்கி எதிரே வந்த லோரியில் போய் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. விடுமுறை நாளில் சொந்த மோட்டரில் போனவனுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று பல்கலைக்கழகம் சொல்லிக்கொண்டது. யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னது.

திங்கட்கிழமை காலை அடக்கம். நவமணி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். புக்கிட் செலம்பாவ் போகும் சாலைக்குத் திரும்பாமல் முதலில் குன்றுக்குத்தான் போனாள். மிசின் ஏறிவிடும் என்ற நினைப்பு அவளை அங்கே இழுத்தது. இந்த ஒன்றை மட்டும் அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. மண் வெட்டும் இயந்திரங்கள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தன. குணாளன் கொள்கலன் அறையிலிருந்து இரண்டு சாக்கை இழுத்து வந்தார்.

"தம்பி கனமா இருக்குன்னு இங்கயே வெச்சிட்டுப் போயிருக்கான். நான் அன்னிக்கி லீவு, பாக்கல. மேடம் காடியில வந்து எடுத்துக்குவாங்கன்னு காவக்காரன்கிட்ட சொன்னானாம்."

சாக்குகளுக்குள் சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் எண். அவற்றைக் காரின் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் அவனைப் பார்க்கப் போனாள். பெட்டிக்குள் அவன் முகம் துளிக்கூடக் கெடாமல் இருந்தது. பிரேமாவதி, அவன் அம்மா, டீச்சரைக் கண்டதும் அவள் தோளைக் கட்டிக்கொண்டு கதறினாள். நவமணியும் அழுதாள். அழுகை பொய்யில்லை. ஆனால் காரில் கல் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பும் அந்த நேரத்தில் அவளுக்குள் இருந்தது. அதற்காக அவள் தன்னை வெறுத்தாள்.

பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவு வரச் சில மாதங்கள் ஆயின. ஒன்றாம் எண்ணில் சேறு அதிகம். எண் ஏற ஏறச் சேறு குறைந்துகொண்டே போய், கடைசிப் பைகளில் இல்லவே இல்லை. அவள் சொன்னது சரி. கடல் ஆழமாகிக்கொண்டேதான் போயிருக்கிறது. அன்றைக்கு அறையில் தனியாக உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இருபது வருடம் தன்னை யாரும் நம்பாதது ஒரு பக்கம், இப்போது இதைச் சொல்லிச் சந்தோஷப்படப் பக்கத்தில் ஆள் இல்லாதது ஒரு பக்கம்.

கட்டுரை எழுத உட்கார்ந்தாள். மாதிரிகள் அடுக்குகளின் அடியிலிருந்து எண்ணிடப்பட்டன என்று ஆங்கிலத்தில் எழுதினாள். பேஸ் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. பேஸ் என்றால் முதலில் படிந்த அடுக்கு. குன்றின் கால்மாட்டைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு வார்த்தை இருக்கிறது. மலாயிலும் அது டாசார், இது காக்கி. வகுப்பில் இரண்டையும் அவள் ஒருநாளும் குழப்பியதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை போனில் அவள் சொன்னது அடி. தமிழில் அதுவும் அடிதான், இதுவும் அடிதான். கவிழ்ந்த குன்றில் ஓர் அடி உச்சியில் இருக்கிறது, இன்னோர் அடி தரையில் இருக்கிறது. அவன் எதைக் கேட்டுக்கொண்டான்?

உச்சியிலிருந்து எண் போட்டிருந்தால் அவள் வாழ்நாள் வேலை நிலைக்கும். தரையிலிருந்து போட்டிருந்தால் எல்லாமே தலைகீழ், கடல் தூர்ந்திருக்கிறது, மற்றவர்கள் சொன்னதுதான் சரி. கேட்டுத் தெரிந்துகொள்ள அவன் இல்லை. அவன் குறிப்பெழுதிய நோட்டு மழையில் கூழாகியிருந்தது, கைப்பேசி லோரிச் சக்கரத்தில் நொறுங்கியிருந்தது. குன்று இருந்த இடத்தில் சாக்கடைக் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி வேலையை விட்டுவிட்டுத் தன் நாட்டுக்குப் போய்விட்டான். சாலை வளைவில் கை நீட்டித் தரையைக் காட்டிய பையன் அவள் கண் முன்னால் வந்து வந்து நின்றான். தரையிலிருந்துதான் போட்டிருப்பான் என்று அவளுக்கு உள்ளே தோன்றியது. அப்படித் தோன்றும்போதெல்லாம் செத்துப்போனவன் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் இதைக்கூடச் சரியாகச் செய்யவில்லையே என்ற கோபம். அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் வந்தது.

கட்டுரை அந்த ஒரு வரியிலேயே நின்றது. அவள் வகுப்புக்குப் போனாள், வந்தாள். கடைசியாக மிஞ்சிய மாணவர்களுக்குக் கடைசிப் பருவப் பாடத்தை நடத்தினாள். துணிக்கூடையைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தபோது அதைச் சொல்லாமல் தாண்டிப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஒரு டின் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு புக்கிட் செலம்பாவுக்குப் போனாள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பிரேமாவதி வாசலுக்கே ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வருவீங்கன்னு இவருகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் டீச்சர். கூடப் படிச்ச புள்ளைங்க யாரும் வரல. யாரு வராட்டியும் டீச்சர் வருவாங்க, அவன் மேல பாசமா இருந்தாங்கன்னு சொன்னேன்."

உள்ளே மாலை போட்ட படம். சிவநேசன் அதில் மோட்டர் மேல் சாய்ந்து நின்றான். அவன் அப்பா முனியாண்டி கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், பேச்சு குறைவு. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார். பிரேமாவதி தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். பையன் என்ன விரும்பிச் சாப்பிடுவான், வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்வான் என்று அவள் பேசிக்கொண்டே போனாள். நவமணி தலையாட்டினாள். எழுந்து போய்விடலாம் என்று பல முறை நினைத்தாள். போய்விட்டிருக்கலாம்.

"அன்னிக்கி..." என்று ஆரம்பித்தாள். "அன்னிக்கி அடியப் பத்தி அவன் ஏதாச்சும் சொன்னானாம்மா?"

பிரேமாவதி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடியப் பத்தி அவன் எங்க டீச்சர் சொன்னான்? நாங்க போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சே. பின்மண்டையிலதான் அடின்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வேற எங்கயும் அடி இல்ல. மொகம் எப்படி இருந்துச்சு, நீங்களே பாத்தீங்கல்ல?"

நவமணி மேலே ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். மனுஷியாக இருப்பவள் அதைத்தான் செய்வாள். அவள் செய்யவில்லை.

"அந்த அடி இல்லம்மா" என்றாள். "கல்லோட அடி. நான் அடியிலேர்ந்து நம்பர் போடச் சொன்னேன். அங்க மலை கவுந்து கெடக்கு. அதனால பழைய அடுக்கு மேல இருக்கும், புதுசு கீழ இருக்கும். அவன் எங்கேர்ந்து ஆரம்பிச்சான்னு தெரிஞ்சாத்தான்..."

தன் குரல் வகுப்பில் பேசும் குரலாக மாறிவிட்டதை அவளே கேட்டாள். பாதியில் நிறுத்தினாள். பிரேமாவதிக்கு எதுவும் புரியவில்லை. டீச்சர் தன் மகனுக்காக வரவில்லை என்பது மட்டும் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டிருந்தது. அது அவள் முகத்தில் தெரிந்தது.

அதுவரை வாய் திறக்காத முனியாண்டி சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"மேலேர்ந்துதான் டீச்சர்."

நவமணி திரும்பினாள்.

"காலையில நான் கூடப் போனேன். கயிறு புடிக்க ஆளு வேணும்னான். கீழ கைக்கு எட்டுற மாதிரி கல்லு இருக்கு, அங்கேர்ந்தே ஆரம்பிடான்னு சொன்னேன். இல்லப்பா, மேடம் அடியிலேர்ந்து போடச் சொல்லியிருக்காங்கன்னான். அடி கீழதானடா இருக்குன்னேன். இல்ல, இங்க அடி மேல இருக்குங்கிறான். எனக்குச் சிரிப்பா வந்திச்சி. கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்குன்னு திட்டுனேன். இல்லப்பா, போன தடவ நான் தப்பா காட்டிட்டேன், எல்லாம் சிரிச்சிட்டாங்க, இந்தத் தடவ மேடம் என்னைய ஒண்ணும் சொல்ல முடியாதுன்னான்."

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மேல ஏறுறதுக்கே வழி இல்ல. அந்தாண்ட காட்டுப் பக்கமா சுத்திப் போயி ஏறுனோம். ஒவ்வொரு கல்லுக்கும் கயித்துல தொங்கி ஒடைக்கணும். மத்தியானம் எனக்கு ஷிப்ட்டு. நான் கெளம்புறப்ப பத்துப் பையிகூட ஆவல. கயித்த மரத்துல கட்டிக் குடுத்துட்டு, மழ வரும்போல இருக்கு, சீக்கிரம் வந்துருன்னு சொல்லிட்டு வந்தேன். முழுசா முடிச்சிட்டுத்தான் எறங்கியிருக்கான்."

அந்த நேரத்தில் நவமணி முதலில் உணர்ந்தது சந்தோஷம். மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, சந்தோஷம்தான். சரியாகத்தான் போட்டிருக்கிறான். கல்லைப் பார்த்து அடி சொல்லியிருக்கிறான். ஒரு மூச்சு விடும் நேரம்கூட அது நீடிக்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் அது தெரிந்துவிட்டது, பிரேமாவதியும் அதைப் பார்த்துவிட்டாள்.

"சரியாதான் செஞ்சிருக்கானா டீச்சர்?"

"சரியாதான்மா செஞ்சிருக்கான். யாரும் இவ்வளவு சரியா செய்ய மாட்டாங்க."

பிரேமாவதி தலையாட்டினாள். மகனின் படத்தைப் பார்த்தாள். கல்லும் அடுக்கும் கடலும் அவளுக்கு வேண்டியதில்லை. இத்தனை பேச்சிலிருந்தும் தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் அவள் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

"அப்ப, மேல ஏறாம இவரு சொன்ன மாதிரி கீழேர்ந்தே ஆரம்பிச்சிருந்தா, மழைக்கு முன்னாடி வூட்டுக்கு வந்திருப்பானா?"

முனியாண்டி மனைவியின் பக்கம் திரும்பினார். தெரியவில்லை என்று நவமணி சொல்லியிருக்கலாம். விதி என்றோ கர்த்தருடைய சித்தம் என்றோ சொல்லியிருக்கலாம். கீழேயிருந்து கையால் தட்டி எடுத்துக்கொண்டு மேலே வந்தால் அது பாதி நாள் வேலைகூட இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"வந்திருப்பான்மா" என்றாள்.

பிரேமாவதி எழுந்தாள். நவமணி குடிக்காமல் வைத்திருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. அவள் வெளியே வரவில்லை.

முனியாண்டி கதவோரம் நின்றுகொண்டு ஆப்பிள் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நவமணி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். போய்ட்டு வர்றேன் என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. சாவு விழுந்த வீட்டிலிருந்து யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. காரியமெல்லாம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்ட வீடுதான் அது. ஆனாலும் அவள் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்பினாள்.